ஒரு நாளைக்கு 33 கிராம்

மணலி பக்கம் ஓர் எடை மேடையில் சீட்டுப் போடும் வேலை எனக்கு. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர், அங்கிருந்து வருகிற கன்டெய்னர், கட்டுக் கம்பி, பழைய இரும்பு, ஜல்லி, எம் சாண்ட் என்று நாள் முழுக்க லாரிகள் ஏறி இறங்கும். காலி வண்டி எடை, லோடு எடை, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் நிகர எடை. வெளியே இருந்து பார்த்தால் வேலை இவ்வளவுதான். ஆனால் ஒரு லாரிக்கு எப்போதும் ஒரே காலி எடை என்று கிடையாது. டீசல் டேங்க் நிறைந்திருக்கிறதா, டிரைவரும் கிளீனரும் இறங்கிவிட்டார்களா, ஐப்பசி மழையில் தார்ப்பாய் நனைந்திருக்கிறதா, எல்லாம் கணக்கில் வரும். கோடையில் எடுத்த காலி எடைச் சீட்டை மழைக்காலத்தில் நீட்டினால் நாங்கள் வாங்க மாட்டோம். வண்டியை மறுபடி ஏற்றச் சொல்வோம். சரிபார்த்த மொத்த எடை எழுத்தில் இல்லாத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்ற சர்வதேச விதி 2016 ஜூலை 1 முதல் வந்தது. அதன்பிறகு இந்த வேலைக்கு மரியாதையும் கூடியது, பொறுப்பும் கூடியது.

உடம்பு எடையைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு லாரிக் கதை எதற்கு என்றால், எந்த எடையைப் பார்த்தாலும் இதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்பது எனக்குக் கைப்பழக்கம் ஆகிவிட்டது. ஃபோனோடு இணைகிற எடை மெஷினான ஸ்மார்ட் ஸ்கேல் வாங்கி வைத்திருக்கிற பலர் அந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான் மனசு நொந்துபோய், இரண்டாவது மாதம் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. குறிப்பாகப் பெண்களுக்காக.

எனக்கு மெஷின் வாங்கச் சொன்னவர் டாக்டர். 44 வயது, 155 செ.மீ. உயரம், அப்போது எடை 78 கிலோ. அம்மாவுக்குச் சர்க்கரை, மாமாக்கள் இரண்டு பேருக்கும் சர்க்கரை. எனக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது. "மாத்திரை இப்ப வேணாம்மா, எடையைக் குறைங்க, ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார். வடசென்னையில் இந்தப் பேச்சு புதிதில்லை. இந்தியாவில் சர்க்கரை நோய் மருத்துவத்தின் முன்னோடி என்று சொல்லப்படும் பேராசிரியர் எம். விஸ்வநாதன் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளைப் பார்த்தவர். 1954-ல் அவர் ராயபுரத்தில் தொடங்கிய மருத்துவமனை இன்றும் நடக்கிறது. எங்கள் தெருவில் அங்கே ஃபைல் இல்லாத வீடு குறைவு.

மெஷின் வந்ததும் அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். கண்ணாடித் தட்டுக்கு அடியில் நான்கு மூலையிலும் நான்கு கால், ஒவ்வொரு காலுக்குள்ளும் ஒரு லோடு செல். எங்கள் எடை மேடைக்கு அடியில் இருப்பதும் இதே சங்கதிதான், அளவுதான் வேறு. பாரம் ஏறியதும் உள்ளே இருக்கும் உலோகத் துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும். அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பி இழுபட்டு, அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்தைத்தான் திரை கிலோவாகக் காட்டுகிறது. நான்கு காலும் ஒரே மட்டமாக ஊன்றாவிட்டால் எண் தப்பிவிடும். எங்களுடையது தண்டையார்பேட்டையில் பழைய வீடு. ஹாலில் சிவப்பு சிமென்ட் தரை, அங்கங்கே லேசான பள்ளம். அடுப்படி வாசலில் மட்டும் டைல்ஸ். ஹாலில் வைத்தபோது ஓர் எண், டைல்ஸில் வைத்தபோது வேறோர் எண், அரைக் கிலோ வித்தியாசம். அதனால் டைல்ஸில் ஒரு கல்லை அதற்கென்றே ஒதுக்கிவிட்டேன். பாய் மேல், மிதியடி மேல் வைக்கவே கூடாது. பாத்ரூமில் வைக்கிற மெஷின் என்றுதான் விற்கிறார்கள், ஆனால் நம் வீட்டுப் பாத்ரூம் எந்நேரமும் ஈரம். அங்கே வைத்தால் சீக்கிரம் போய்விடும்.

எங்கள் மேடைக்கு ஆண்டுதோறும் தொழிலாளர் துறையிலிருந்து முத்திரை ஆய்வாளர் வருவார், படிக்கல் வைத்துச் சரிபார்த்து முத்திரை இடுவார். வீட்டு மெஷினுக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. நான் அவ்வப்போது புதிதாக வந்து இறங்கிய 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி அதன் மேல் வைத்துப் பார்ப்பேன். நிரப்புவதில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனாலும் மெஷின் ஒரு கிலோ தப்பினால் கேன் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்று சொல்ல வேண்டும். மெஷின் 200 கிராம் கூடுதலாகக் காட்டினால் எடை குறைக்கிறவருக்கு அதில் நஷ்டமே இல்லை. என்றைக்கும் அதே 200 கிராம் கூடுதலாகக் காட்டினால் போதும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. மாதம் ஒரு கிலோ குறைய வேண்டும் என்றால் நாளுக்குச் சுமார் 250 கலோரியைச் சாப்பாட்டில் குறைக்க வேண்டும், இல்லையென்றால் நடந்து செலவழிக்க வேண்டும். சர்க்கரை போட்ட இரண்டு டீயும் ஒரு வடையும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அவ்வளவு. மாதம் ஒரு கிலோ என்றால் நாளுக்கு 33 கிராம். வீட்டு மெஷின் காட்டக்கூடிய மிகச் சிறிய படி சிலவற்றில் 50 கிராம், பலவற்றில் 100 கிராம். அப்படியென்றால், நேற்று நீங்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தாலும் இன்று காலை அது மெஷினின் கண்ணுக்கே தெரியாது. எங்கள் மேடையின் மிகச் சிறிய படி 10 கிலோ. லாரியிலிருந்து ஒரு செங்கல்லை இறக்கிவிட்டு எடை குறைந்ததா என்று கேட்டால் என்ன சொல்ல முடியும்? செங்கல் இறங்கியது நிஜம். மேடைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த 33 கிராமைத் தேடுகிற இடத்தில்தான் தண்ணீர் ஆடிக்கொண்டிருக்கிறது. நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடையே ஒரு கிலோ ஏறி இறங்குவது சகஜம், சில நாள் அதற்கும் மேலே. காலையில் எழுந்ததும் மெஷினில் ஒருமுறை ஏறுங்கள். அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு உடனே மறுபடி ஏறுங்கள். அரைக் கிலோ கூடியிருக்கும். அதில் ஒரு கிராம் கூடக் கொழுப்பு கிடையாது. என்னோடு வேலை பார்க்கிற ஒரு பெண்ணுக்கு இதை நேரிலேயே செய்து காட்டினேன். எடை கூடிவிட்டதென்று நாஸ்டா சாப்பிடாமல் வந்து, பதினோரு மணிக்குத் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்திருந்தாள். காட்டி முடித்ததும், "அப்ப நேத்து ராத்திரி பட்டினி கெடந்தது வீணா அக்கா?" என்று கேட்டாள். ஆமாம், வீண்தான் என்றேன். இன்றைய எண்ணை வைத்து இன்றைய சாப்பாட்டை முடிவு செய்கிறவர்கள் எல்லோருக்கும் இதுதான் நடக்கிறது.

உப்பு இன்னொரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலிருந்து மீன் வரும், அத்தோடு கருவாடும் வரும். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் என் எடை ஒரு கிலோ பக்கம் ஏறி நிற்கும். உப்பைச் சமன் செய்ய உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. புதன்கிழமைக்குள் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிடும். சோற்றிலும் இதே கதை உண்டு. சாப்பிட்ட மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேமித்து வைக்கும். ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்தே இருக்கும். சோற்றை அடியோடு நிறுத்தியவர்களுக்கு முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ மளமளவென்று இறங்குவதில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். அதைக் காட்டித்தான் ஒரே வாரத்தில் இத்தனை கிலோ என்று போஸ்டர் ஒட்டுகிறார்கள். பொங்கலுக்கு ஒரு வேளை வயிறாரச் சாப்பிட்டதும் அது திரும்பி வரும். அதைப் பார்த்து, தன்னால் முடியாது என்று விட்டுவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். எனக்கு அதில் நிஜமான கோபம் உண்டு. குறைந்ததும் தண்ணீர், ஏறியதும் தண்ணீர் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்கள் விட்டிருக்க மாட்டார்கள்.

கத்திரி வெயிலில் தலைகீழாக நடக்கும். எங்கள் ஆபீஸ் தகரக் கூரை போட்ட கேபின். மே மாதம் சாயங்காலம் ஏறிப் பார்த்தால் காலையை விடக் குறைவாகக் காட்டும். அத்தனையும் வியர்வை. சந்தோஷப்பட ஒன்றுமில்லை, தண்ணீர் குடிக்க வேண்டிய நேரம் அது.

அடுத்தது, ஆண்கள் எழுதுகிற எடை குறைப்புக் கட்டுரைகளில் பெரும்பாலும் வராத விஷயம். மாதவிடாய். பீரியட்ஸ் வருவதற்கு முந்தைய சில நாட்களில் என் எடை மெதுவாக ஏறத் தொடங்கும். வருகிற அன்று உச்சத்தில் இருக்கும். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கூட ஏறியிருக்கிறது. மூன்று நான்கு நாளில் இறங்கிவிடும். முன்பெல்லாம் எப்போதாவது எடை பார்க்கையில் இது கண்ணில் பட்டதே இல்லை. ஸ்மார்ட் ஸ்கேல் தினமும் ஃபோனுக்கு அனுப்பி, ஆப் அதைக் கோடாக வரைந்த பிறகுதான் தெரிந்தது. நான்கு மாதக் கோட்டை ஒன்றாகப் பார்த்தால் எண்ணூர் கடற்கரையில் அலை வருகிற மாதிரி ஒரே இடைவெளியில் மேடு, பள்ளம், மேடு, பள்ளம். ஒவ்வொரு மேடும் முந்தைய மேட்டை விடக் கொஞ்சம் தாழ்வு. ஒவ்வொரு பள்ளமும் முந்தைய பள்ளத்தை விடக் கொஞ்சம் ஆழம். அந்தக் கொஞ்சத்தில்தான் என் 33 கிராம்களெல்லாம் சேர்ந்திருந்தன.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தேன். தினமும் ஏறுவேன், அன்றைய எண்ணைக் கண்டுகொள்ள மாட்டேன். ஏழு நாள் சராசரியைப் பார்ப்பேன். அதையும் போன வாரத்தோடு ஒப்பிட மாட்டேன், போன மாதம் இதே வாரத்தோடு ஒப்பிடுவேன். பீரியட்ஸ் முடிந்த முதல் வாரத்தை முந்தைய பீரியட்ஸ் முடிந்த முதல் வாரத்தோடு. ஆண்களுக்கு வாரக் கணக்கு போதும். மாதவிடாய் இருக்கிற பெண்களுக்கு அது ஏமாற்றும், நல்ல செய்தி பக்கமும் ஏமாற்றும், கெட்ட செய்தி பக்கமும் ஏமாற்றும். மாதவிடாய் நிற்கிற வயதை நெருங்கி, சுழற்சி முன்னே பின்னே ஆகிறவர்கள் மூன்று மாதக் கோட்டைப் பார்ப்பது நல்லது. நானும் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன்.

நேரம் மாறக் கூடாது. எங்கள் பக்கம் விடியும் முன்னால் தண்ணீர் விடுவார்கள். டிரம், குடம் எல்லாம் பிடித்து வைத்துவிட்டு, பாத்ரூம் போய் வந்து, காபி குடிப்பதற்கு முன்னால் அந்த நைட்டியோடே ஏறிவிடுவேன். ஒரு நாள் விட்டுப்போனால் போகட்டும், சராசரி அதைத் தாங்கும். அமெரிக்காவில் 1994 முதல் தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு என்று ஒன்றை நடத்துகிறார்கள். 13.6 கிலோவாவது குறைத்து, அதை ஓராண்டாவது காப்பாற்றியவர்கள் மட்டும் அதில் சேரலாம். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறவர்கள். பார்த்ததால்தான் குறைந்தது என்று இதை வைத்துச் சாதிக்க முடியாது. ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கிறவர்களுக்கு இரண்டு கிலோ திரும்ப ஏறும்போதே தெரிந்துவிடும், பத்து கிலோ ஏறிய பிறகு தெரியாது. எனக்கு அது போதும்.

சரி, கொழுப்புச் சதவீதம். ஸ்மார்ட் ஸ்கேலை விற்பதே அதைச் சொல்லித்தான். தட்டில் பாதம் படுகிற இடத்தில் மின்முனைகள் இருக்கும். ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்சாரத்தை ஒரு பாதத்தில் அனுப்பி மறு பாதத்தில் வாங்கும். தசையில் தண்ணீர் அதிகம், மின்சாரம் எளிதாகப் போகும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, தடுக்கும். எவ்வளவு தடை என்று அளந்து, உங்கள் உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதையெல்லாம் ஒரு சூத்திரத்தில் போட்டுக் கொழுப்பு இத்தனை சதவீதம் என்று மதிப்பிடும். முதல்நாள் அத்தை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இன்னாமா இது, கரண்டு அடிக்காதா?" என்று பதறினார்கள். அடிக்காது. உடம்பில் ஒன்றும் தெரியாது. ஆனால் பேஸ்மேக்கர் போன்ற கருவி பொருத்தியவர்கள் இதில் ஏறக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம் என்றுதான் பெட்டியிலேயே போட்டிருக்கிறது.

மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குவதால் இடுப்புக்கு மேலே என்ன இருக்கிறது என்பது அதற்குச் சரியாகத் தெரியாது. நமக்கு ஆபத்து சேர்கிற இடமோ வயிறு. அத்தோடு, அளப்பதே தண்ணீர் வழியாக என்பதால் தண்ணீர் ஆடினால் இதுவும் ஆடும். வியர்த்து உலர்ந்துபோன நாளில் கொழுப்பு கூடியதாகக் காட்டும். ஒரே காலையில் குளிப்பதற்கு முன் 38 சதவீதமும் குளித்த பின் 36 சதவீதமும் எனக்கு வந்திருக்கிறது. குளியலில் இரண்டு சதவீதக் கொழுப்பு கரைந்து போகாது. எலும்பு எடை, உள்ளுறுப்புக் கொழுப்பு, உடம்பின் வயது என்று ஆப் அடுக்குகிற மற்றவையெல்லாம் அந்த ஒரே அளவிலிருந்தும் சூத்திரத்திலிருந்தும் கிளம்புகிற ஊகம். நான் அவற்றைத் திறப்பதே இல்லை. கொழுப்புச் சதவீதத்தை மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் போகிற திசையை மட்டும் பார்ப்பேன்.

ஆனால் கொழுப்பை அளக்க வேண்டும் என்ற எண்ணத்தில் தப்பில்லை, நம்மவர்களுக்கு அது மிகவும் வேண்டியது. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ எண் இருவருக்கும் ஒன்றே, 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே பிஎம்ஐ, இரண்டு மடங்குக்கும் மேலே கொழுப்பு. ஒல்லியாகத் தெரிகிற நம் ஆட்களுக்குக் கூடச் சர்க்கரை வருவதன் காரணங்களில் ஒன்று அந்தப் படத்தில் இருக்கிறது. அதனால்தான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்று இங்கே எல்லையைக் கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள். ஆப்பில் பல நேரம் வெளிநாட்டு எல்லை இருக்கும். அது பச்சை நிறத்தில் காட்டினாலும் நீங்கள் 23-ஐ மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றை அளக்க மெஷினை விட நல்ல கருவி தையல்காரர் வைத்திருக்கிற இஞ்ச் டேப். எம்.சி. ரோட்டில் பிளவுஸ் தைக்கக் கொடுக்கிற கடைக்குப் பக்கத்திலேயே வாங்கினேன். கடைசி விலா எலும்பின் அடிப்பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் அப்படியே தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக விட்ட நிலையில், இழுக்காமல் படிக்க வேண்டும். முதுகுப் பக்கம் டேப் கீழே இறங்கிவிடும், கண்ணாடியில் பார்த்துச் சரிசெய்யலாம். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது என்பது நமக்கு வைத்திருக்கிற எல்லை. நான் 98-ல் தொடங்கினேன். மெஷின் ஒரு மாதம் முழுக்க அசையாமல் நின்றபோது டேப்பில் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. அந்த மாதத்தைத் தாண்டிப் போக அந்த ஒரு சென்டிமீட்டர்தான் கைகொடுத்தது.

சாப்பாட்டில் பெரிய புரட்சி ஒன்றும் செய்யவில்லை. டீயில் சர்க்கரையை நிறுத்தினேன், கடை வடையை நிறுத்தினேன், மதியச் சோற்றைக் குறைத்துவிட்டு மீனையும் பருப்பையும் கூட்டினேன். நெத்திலி, மத்தி இரண்டும் விலை மலிவு, புரதம் நிறைய. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும் என்பதால் புரதம் குறையக் கூடாது. இரவில் முட்டையோ கொண்டைக்கடலைச் சுண்டலோ கட்டாயம் உண்டு. பீச் ஸ்டேஷன் பக்கம் போனால் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிடாமல் வருவதில்லை, அதை விட மனசில்லை. மறுநாள் மெஷின் கூடக் காட்டும், காட்டட்டும்.

நடப்பதற்கு ஞாயிறுகளில் ராயபுரம் அண்ணா பூங்கா. பழைய பெயர் ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பரில் திமுகவின் தொடக்கக் கூட்டம் மழையில் நடந்த இடம் என்று அப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார். மற்ற நாட்களில் மெட்ரோவில் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கி வீட்டுக்கு நடந்துவிடுவேன். விம்கோ நகர் வரை 2021-ல் மெட்ரோ நீண்டதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான்.

எடை நகராத காலத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எடை குறையக் குறைய உடம்புக்குத் தேவையான கலோரியும் குறையும். 78 கிலோவில் பலன் தந்த சாப்பாடு 72 கிலோவில் அதே பலனைத் தராது. அதனால் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் கோடு படுத்துவிடும். அப்போது நினைத்துக்கொள்ள ஓர் ஆய்வு இருக்கிறது, அதுவும் நம் ராயபுரத்திலிருந்து. சர்க்கரை வரப்போகிற நிலையில் இருந்தவர்களை மூன்று ஆண்டு பின்தொடர்ந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளிவந்தது. சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்கு செய்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடையோ குறிப்பிடும்படி குறையவில்லை. இதை நான் திரும்பத் திரும்ப எல்லோரிடமும் சொல்கிறேன். மெஷின் அசையாத மாதத்திலும் உள்ளே நல்லது நடந்துகொண்டிருக்கலாம். நடையை மெஷினுக்காக நடக்கக் கூடாது.

இப்போது 70-ஐ ஒட்டி நிற்கிறேன். பிஎம்ஐ கணக்கில் இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை எல்லைக்குள் இறங்கிவிட்டது.

வீட்டில் ஒரு மெஷின் வந்தால் அது ஒருவருக்கு மட்டும் என்று இருக்காது. ஏறுகிற ஆளை எடையை வைத்துத்தான் ஆப் அடையாளம் காண்கிறது. நாத்தனாரும் நானும் கிட்டத்தட்ட ஒரே எடை, அவர் வந்து தங்கினால் அவர் எண் என் கோட்டில் விழும். விருந்தாளிக் கணக்கு என்று தனியாக இருக்கிறது, அதில் போட வேண்டும். ஆப் கேட்கிற எல்லாவற்றையும் கொடுக்கவும் வேண்டாம். உயரம், வயது, ஆணா பெண்ணா என்பது கணக்குக்கு வேண்டும். முழுப் பெயரும் தொடர்புப் பட்டியலும் எதற்கு? ஆண்ட்ராய்டு 11 வரைக்கும் புளூடூத்தில் கருவியைத் தேடவே இருப்பிட அனுமதி வேண்டியிருந்தது. 12-லிருந்து அதற்குத் தனி அனுமதி வந்துவிட்டது, புது ஃபோன் வைத்திருப்பவர்கள் இருப்பிடத்தை மறுத்துப் பார்க்கலாம்.

மகள் பத்தாவது படிக்கிறாள். ஆப்பில் அவளுக்கும் ஒரு கணக்குத் தொடங்கலாமா என்று என் கணவர் கேட்டார். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். வளர்கிற பிள்ளைக்கு எடை ஏறத்தான் வேண்டும். பெரியவர்களுக்கு எழுதிய சூத்திரம் அவளுக்குப் பொருந்தாது. பள்ளியிலும் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்திலும் பெண் பிள்ளைகளை ஏற்கெனவே போதுமான அளவு கண்ணாலேயே எடை போடுகிறார்கள். சாப்பிட்ட தட்டைப் பார்த்துப் பயப்படுகிற பழக்கம் அந்த வயதில் ஒட்டிக்கொண்டால் எளிதில் விடாது. அவள் முன்னால் நான் என் எண்ணைச் சொல்லிப் புலம்புவதும் இல்லை. வீட்டில் வேறு எந்த விதியையும் விட இதில் நான் கறாராக இருக்கிறேன்.

அத்தை விஷயம் வேறு. அவர்களுக்கு மாரடைப்பு வந்த பிறகு இதயம் ரத்தத்தைப் பம்ப் செய்வது குறைந்துவிட்டது. டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னார், அப்புறம் தினமும் காலையில் எடை பார்த்து எழுதச் சொன்னார். இவ்வளவு நேரம் தண்ணீரைக் கண்டுகொள்ளாதீர்கள் என்று எழுதிவந்தேன். இதயம் பலவீனமானவர்களுக்கு அந்தத் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். இதயத்தால் தள்ள முடியாத நீர் காலிலும் நுரையீரலிலும் தேங்கும். மூச்சு வாங்கத் தொடங்குவதற்குச் சில நாள் முன்னாலேயே அது எடையில் தெரியும். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால் காத்திருக்காமல் ஃபோன் செய்யுங்கள் என்று எங்களுக்குச் சொன்னார்.

அத்தைக்குப் பேஸ்மேக்கர் இல்லை. இருந்திருந்தால் இந்த மெஷினிலேயே ஏற்றியிருக்க மாட்டேன், எடை மட்டும் காட்டுகிற சாதாரண டிஜிட்டல் மெஷின் வாங்கியிருப்பேன். அவர்களுக்கு ஆப்பும் வேண்டாம், கோடும் வேண்டாம். அடுப்படிச் சுவரில் மாதக் காலண்டர் தொங்குகிறது. அதில் அந்தந்தத் தேதிக் கட்டத்தில் பேனாவால் எண்ணை எழுதுகிறார்கள். மார்கழியில் ஒரு வாரம் 54.2, 54.6, 55.3, 56.1 என்று ஏறியது. கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. இரண்டு தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிறது என்றார்கள். ஃபோன் செய்தேன், டாக்டர் அன்றே வரச் சொன்னார். நீர் மாத்திரையின் அளவை மாற்றினார், வார்டில் சேர்க்க வேண்டி வரவில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் பார்க்க வருகிற பெண் இப்போது மாத்திரை கொடுக்கும் முன் அந்தக் காலண்டரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

உங்கள் வீட்டில் இதய நோயாளியோ சிறுநீரக நோயாளியோ இருந்தால், எத்தனை கிலோ ஏறினால் ஃபோன் செய்ய வேண்டும், எந்த எண்ணுக்குச் செய்ய வேண்டும் என்று அடுத்த முறை போகும்போதே டாக்டரிடம் கேளுங்கள். அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.